வீட்டுக்கு அனுப்புவதும் வீடு வரை போவதும்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் 2010ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் ஃபோன் பண்ணி, "சந்திப்புக்கு வர்றேல்ல, ஒரு கால் மணி நேரம் எதையாவது பேசு" என்றார். "எதைப் பத்திண்ணே?" என்றேன். "கட்டுமானத் துறையிலே புதுசா என்னென்ன வந்திருக்குன்னு பேசேன்" என்றார். நான் காசநோயைப் பற்றிப் பேசட்டுமா என்றதும் கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று மட்டும் கேட்டார். முன்னாடியே வைத்திருக்கிறார். ஆகவே பசி நேரத்தில் உங்களை ரொம்பச் சோதிக்க மாட்டேன்.

நான் டாக்டர் இல்லை. இந்தக் கல்லூரியில் சிவில் முடித்த நாளிலிருந்து செங்கல், கம்பி, சிமென்ட் என்று சைட்டிலேயே காலம் ஓடிவிட்டது. ஆனாலும் இந்த விஷயத்தைப் பேச எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. ஒன்று, எனக்கே அந்த நோய் வந்து குணமானது. இன்னொன்று, அதற்கு முந்தின வருஷம் நான் செய்த ஒரு தப்பு. தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இரண்டு பாட்டில் இருமல் மருந்து

2013ஆம் ஆண்டு. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வேலை. நான் சின்ன சைட் இன்ஜினியர். கம்பி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள். தகரக் கொட்டகையில் ஒரு அறைக்கு எட்டுப் பேர் படுத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். ரிங் வளைப்பதில் அவர் கை அவ்வளவு சுத்தம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் கம்பிக் கணக்கைத் தப்பாகப் போட்டதை இரண்டு தடவை அவர்தான் கண்டுபிடித்து, மேஸ்திரிக்குத் தெரியாமல் என்னிடம் வந்து சொன்னார். என் மானம் போகாமல் காப்பாற்றியவர்.

அவருக்கு இருமல் வந்தது. தூசி என்றார். நானும் தூசி என்றே நினைத்தேன். முதலுதவிப் பெட்டியில் இருமல் மருந்து இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். அது தீர்ந்ததும் இன்னொரு பாட்டில். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் காலையில் அவர் தோள் துண்டில் ரத்தம். பார்த்தவர்கள் எல்லாரும் பயந்துவிட்டார்கள். "கணக்கை முடிச்சு ஊருக்கு அனுப்பிடு, மத்தவனுக்கும் தொத்திக்கும்" என்று எனக்கு மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கணக்கை முடித்தேன். என் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். பெரிய தர்மம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு வேறு. கேட்டில் நின்றுகொண்டு, "நல்லாயிட்டா திரும்பி வரலாமா சார்?" என்று இந்தியில் கேட்டார். "வாங்க, வாங்க" என்றேன். மறுநாள் ஸ்லாப் காங்கிரீட். அவரை மறந்தே போனேன்.

சளியைப் பரிசோதித்தோமா? இல்லை. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோமா? இல்லை. ஊருக்குப் போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதிக் கொடுத்தோமா? அதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருந்தது லேபர் காண்டிராக்டரின் ஃபோன் நம்பர்.

என் முறை

அடுத்த வருஷம் எனக்குச் சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். ராத்திரி வியர்வை. இரண்டு மாதத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது. சளிப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. ஜார்கண்ட்காரரிடமிருந்து வந்ததா, பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரிடமிருந்து வந்ததா, யாராலும் சொல்ல முடியாது. காற்றில் வருகிற நோய். கிருமி உள்ளே போனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது நோயாக மாறுவதே இல்லை. எனக்கு மாறியது.

வாடகை அறையில் கூட இருந்த நண்பர்கள் இரண்டு பேர் "வேற இடம் பார்த்துட்டோம்டா" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்கள். வீட்டுக்காரர் நேரடியாகச் சொல்லாமல், மகளுக்குக் கல்யாணம், அறை வேண்டும் என்றார். அவருக்கு மகளே கிடையாது. நான் ஆபீசில் மஞ்சள் காமாலை என்று பொய் சொல்லி லீவு போட்டேன். காமாலை என்றால் இளநீர் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். டி.பி. என்றால் நாற்காலியைத் தள்ளிப் போடுவார்கள். அதனால்தான் அந்தப் பொய்.

ஊரிலிருந்து அம்மா வந்தார்கள். வேறு ஒரு சின்ன வீடு பிடித்தோம். நகர்ப்புறச் சுகாதார நிலையத்தில் என் பெயர் எழுதி ஒரு மருந்துப் பெட்டியை எடுத்து வைத்தார்கள். ஆறு மாத மருந்து முழுவதும் அந்த ஒரு பெட்டியில் இருக்கும். அப்போதிருந்த முறைப்படி வாரம் மூன்று நாள், அங்கே உள்ள நர்ஸ் அக்கா முன்னால் விழுங்க வேண்டும். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் அலறிக்கொண்டு ஓடினேன். "மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம் தம்பி, போய்ச் சாப்பிடுங்க" என்று சிரித்தார்.

இரண்டு மாதத்தில் காய்ச்சல் போயிற்று, பசி வந்தது. இனி எதுக்கு மாத்திரை என்று ஒரு திங்கள்கிழமை போகாமல் இருந்துவிட்டேன். மத்தியானம் வெயிலில் அந்த அக்கா வீட்டு வாசலில் நிற்கிறார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க இன்ஜினியர்தானே தம்பி? காங்கிரீட் போட்டு ரெண்டு நாள்ல கெட்டியாயிடுச்சேன்னு தண்ணி விடுறதை நிறுத்துவீங்களா?" அவர் கணவர் சென்ட்ரிங் வேலை பார்க்கிறவர் என்று பிறகு தெரிந்தது. நம் பேராசிரியர்கள் க்யூரிங் பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கச் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். மேலே பார்த்தால் கெட்டி, உள்ளே பலம் ஏறியிருக்காது. பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கிற கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரலாம். அதற்கப்புறம் நான் ஒரு வேளை தவறவில்லை.

கடைசிச் சளிப் பரிசோதனை சுத்தமாக வந்த அன்று, அங்கிருந்த டாக்டரிடம், "ஆஸ்பத்திரியில சேர்க்காம வீட்ல வச்சே குணமாக்கிட்டீங்களே சார்" என்றேன். "இது நம்ம மெட்ராஸ்ல கண்டுபிடிச்சதுதாம்ப்பா, தெரியாதா?" என்றார். தெரியாது. அதன் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். இன்று உங்களிடம் சொல்ல வந்த முக்கியமான கதை அதுதான்.

சேத்துப்பட்டில் நடந்த சோதனை

1950களில் காசநோய்க்குப் பெரும்பாலும் சொன்ன வழி, சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை. நம் நாட்டில் நோயாளிகள் பல லட்சம், படுக்கைகளோ மிகக் குறைவு. 1952இல் ஐசோநயசிட் என்ற நல்ல மருந்து வந்துவிட்டது. அதையும் பி.ஏ.எஸ். என்ற மருந்தையும் சேர்த்து வாயால் சாப்பிட்டால் போதும் என்றால், வீட்டில் இருந்தே சாப்பிடக்கூடாதா என்பதுதான் கேள்வி.

அதற்காக 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. ஆய்வை முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, இன்னொரு பாதி அவரவர் வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பிரிவில் இருந்தவர்களுக்குக் காற்றோட்டமில்லாத ஒற்றை அறை. அதில் பிள்ளைகுட்டிகள் எல்லாம். சாப்பாடு குறைவு, ஓய்வும் குறைவு. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை நன்றாகக் கூடினார்கள். ஆனால் வருஷக் கடைசியில் கிருமி போனதா என்று பார்த்தால், இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. 1959இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும் வித்தியாசம் இல்லை. இன்னொன்றையும் பார்த்தார்கள். வீட்டிலேயே நோயாளியை வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவியதா? இல்லை. பரவ வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே பரவிவிடுகிறது. சரியான மருந்து உள்ளே போக ஆரம்பித்ததும் பரவும் சக்தி வேகமாகக் குறைந்துவிடுகிறது.

நான் 2013இல் அந்த மனிதரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியபோது இந்த உண்மை தெரிந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. "தொத்திக்கும்" என்று அனுப்பினோம். தொற்ற வேண்டியது அந்த எட்டுப் பேர் அறையில் இரண்டு மாதமாகத் தொற்றிக்கொண்டிருந்தது. நான் கையில் இருமல் மருந்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மருந்து பாட்டிலுக்கும் ஒரு ஆராய்ச்சி உண்டு. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் தும்கூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டு 1963இல் எழுதினார்கள். கிராமத்து ஜனங்களுக்கு விவரம் தெரியாது, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்பதுதான் அதுவரை படித்தவர்கள் சொன்னது. போய்ப் பார்த்தால், நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஒரு சுகாதார நிலையத்துக்குப் போய் வந்திருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்து. சரியாக ஐம்பது வருஷம் கழித்து, படித்த நானும் அதையேதான் செய்தேன்.

வீடு தானாகக் குணமாக்காது

இங்கே ஒரு எச்சரிக்கை. சேத்துப்பட்டு ஆய்வைக் கேட்டுவிட்டு, "அப்போ வீட்டுக்கு அனுப்பினது சரிதானே" என்று யாராவது சொல்லலாம். நானே என் மனசாட்சிக்கு அப்படிச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஏனென்றால் அந்த ஆய்வில் வீட்டில் இருந்தவர்களை யாரும் அப்படியே விட்டுவிடவில்லை. வாரா வாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்க வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள். வீட்டில் சண்டை, வேலை போச்சு, கடன்காரன் வந்தான் என்று எல்லாக் கதையும் அவர்கள் காதுக்கு வரும். என் வீட்டு வாசலில் வெயிலில் வந்து நின்ற நர்ஸ் அக்கா அந்த வழியில் வந்தவர்தான். ஜார்கண்ட்காரரை நாங்கள் வீட்டுக்கு அனுப்பினோம். ஆனால் அவர் வீடு வரை யாரும் போகவில்லை.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சேத்துப்பட்டு மையம் பிறகு ஆராய்ந்தது. 1999இல் வந்த அவர்களுடைய ஆய்வு ஒன்று, ஒரு நோயாளி சராசரியாக 83 வேலை நாட்களை இழந்ததாகச் சொல்கிறது. பள்ளி போகும் பிள்ளைகளில் 11 விழுக்காட்டினர் படிப்பை நிறுத்தினார்கள். மேலும் 8 விழுக்காட்டினர் குடும்பத்துக்காக வேலைக்குப் போனார்கள். சளியில் கிருமி போயிற்றா என்று மட்டும் பார்த்தால் இவையெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. அப்பா குணமாகி எழுந்து பார்க்கும்போது மகன் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பான்.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். சாப்பாடு குறைந்தாலும் மருந்து வேலை செய்யும் என்று சென்னை ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டைப் பற்றி ரொம்ப காலம் போதுமான அளவு பேசாமலே இருந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். அதே சேத்துப்பட்டு நிறுவனம் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. அதன் மூலம் 2019 முதல் 2022 வரை 'ரேஷன்ஸ்' என்று ஓர் ஆய்வு நடந்தது. எங்கே தெரியுமா? ஜார்கண்டில், நான்கு மாவட்டங்களில். 2,800 நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் மாதா மாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் நோயாளிக்கு மட்டும். குடும்பத்துக்கே சாப்பாடு கொடுத்த பிரிவில், வீட்டாருக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய வகை 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. 2023இல் இது வெளிவந்தபோது ஜார்கண்ட் என்ற பெயரைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாரையும் வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ரொம்ப மெலிந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், பிடிமானமில்லாமல் நிற்க முடியாதவர்கள் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' அதைத்தான் செய்கிறது. நோய் தெரிந்தவுடன் எடை, மூச்சு, நிற்கும் பலம் மூன்றையும் பார்த்து, மோசமானவர்களை உடனே பிரித்துச் சேர்க்கிறார்கள். நோயாளியின் நிலைமையை நேரில் பார்த்து முடிவு பண்ணுவதுதான் இங்கேயும் அடிப்படை.

உங்களிடம் ஒரு விண்ணப்பம்

இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டால் ஆட்கள் வேலைக்கு வருவார்கள், கையெழுத்துப் போட்டால் போவார்கள். அதனால்தான் டாக்டர்கள் கூட்டத்தில் பேசாமல் இங்கே பேசுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருமினால் பாட்டிலை எடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். இப்போது வாரம் மூன்று நாள் முறை இல்லை, தினசரி மாத்திரை. நோய் என்று தெரிந்தால் கூட இருப்பவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவர் இங்கேயே இருக்க விரும்பினால், ஆரம்ப வாரங்களில் காற்றோட்டமான தனி இடமும் சம்பளத்தோடு ஓய்வும் கொடுங்கள். டாக்டர் சரி என்றதும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குத்தான் போவேன் என்றால், அவருடைய 'நிக்ஷய்' பதிவு எண்ணை எழுதிக் கொடுத்து, சிகிச்சையை அந்த ஊருக்கு மாற்றிவிட்ட பிறகு அனுப்புங்கள். எந்த மாநிலத்திலும் அந்த எண்ணை வைத்துத் தொடரலாம். நோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு கொடுக்கும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். அதற்கும் நம் ஆபீஸ் பையன் ஒருவன் அரை நாள் கூடப் போனால் போதும்.

என் சைட்டில் இப்போது காங்கிரீட் க்யூப் ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. யார், எந்தத் தேதியிலிருந்து இருமுகிறார் என்று மேஸ்திரி எழுதுவார். இரண்டு வருஷத்தில் மூன்று பேருக்கு நோய் தெரிந்தது. இரண்டு பேர் இங்கேயே இருந்து மருந்து முடித்தார்கள். ஒருவர் ஊருக்குப் போனார். ஆறு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருக்கு ஃபோன் பண்ணினேன். என் இந்தியைக் கேட்டு அவர் மனைவி சிரிப்பது பின்னால் கேட்கும். தீபாவளி கழிந்து வேலைக்குத் திரும்பிவிட்டார். நோட்டு வைத்ததில் எங்களுக்கு எந்த வேலையும் நின்றுவிடவில்லை.

இருமலை மறைக்காமல் சொன்னால்தானே எழுத முடியும்? அதனால் புதிதாக ஆட்கள் வந்ததும் முதல் நாளே, "எனக்கும் இது வந்துச்சு, நல்லாயிடுச்சு" என்று நானே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. மஞ்சள் காமாலை என்று பொய் சொன்ன அதே வாய். இப்போது பழகிவிட்டது. இந்த மேடையில், கூடப் படித்த உங்கள் முன்னால் சொல்வதுதான் பாக்கி இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன்.

அந்தக் கம்பி கட்டுகிறவரைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். லேபர் காண்டிராக்டரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. அவர் ஊர்க்காரர்கள் யாராவது சைட்டுக்கு வந்தால் விசாரிக்கிறேன். பெயரைச் சொன்னால், அந்தப் பெயரில் எங்கள் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள் சார் என்கிறார்கள். விசாரிப்பதை நான் நிறுத்தவில்லை.

சங்கம் இந்த வருஷம் ஆடிட்டோரியத்துக்கு ஏ.சி. போட நிதி திரட்டுவதாக அறிவிப்பில் பார்த்தேன். என் பங்கைக் கொடுத்துவிட்டேன். கூடவே, நம் பழைய மாணவர்கள் நடத்தும் சைட்டுகளிலும் தொழிற்கூடங்களிலும் இந்த மாதிரி ஒரு நோட்டு வைப்போம் என்று பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டால், அதற்கு ஆகும் செலவு நாற்பது ரூபாய்தான்.

 சாப்பாடு தயார் என்று செயலாளர் அண்ணன் வாசலில் நின்று கையைக் காட்டுகிறார்.